ப்ளூஸ் மாலியில் பிறந்ததா? ஒரு கேள்வியும் அதன் பின்னே வந்த குறிப்புகளும்

2024 பிப்ரவரி 11: வாசகர் ஒருவரின் கேள்வி

மாலி நாட்டுக் கிதார் கலைஞர் அலி ஃபார்கா தூரேயின் ஒலிப்பதிவு ஒன்றை அண்மையில் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், மிசிசிப்பிக் கலைஞர் ஒருவர் வேற்று மொழியில் பாடுவதாகவே தோன்றுகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் ப்ளூஸ் இசை மாலியில் பிறந்து, கப்பலேறி, அமெரிக்காவில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது என்று சொல்லிவிடலாம்தானே? இவ்வளவு தெளிவான ஒன்றைச் சொல்ல ஆய்வாளர்கள் ஏன் சுற்றி வளைக்கிறார்கள்?

2024 பிப்ரவரி 12

இதே முடிவுக்கு நானும் ஒருமுறை வந்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த குறுந்தகடு ஒன்றைக் காரில் போட்டதும் தூரேயின் கிதார் எழுந்தது. பின்னிருக்கையில் பள்ளித் தோழியோடு கைதட்டி விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயது மகளைச் சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டு ஒலியைக் கூட்டினேன். மிசிசிப்பி ப்ளூஸ் கலைஞர் ஜான் லீ ஹூக்கரின் மூல ஊற்றைக் கண்டுவிட்டேன் என்ற பரவசம் எனக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் நீடித்தது.

அதைக் கலைத்தது ஓர் எளிய தகவல். 1939இல் பிறந்த தூரே, 1960களின் இறுதியிலேயே ஹூக்கரின் இசைத்தட்டுகளைக் கேட்டிருக்கிறார். அது தன் மண்ணின் இசை என்று அவர் உறுதியாக நம்பினார். நைஜர் ஆற்றங்கரையில் ஒற்றைத் தந்தி வாத்தியத்தில் தொடங்கிய அவருக்கு அப்படிச் சொல்லும் உரிமையும் இருந்தது. ஆனால் நாம் கேட்கும் ஒலிப்பதிவுகள் உருவானபோது அவர் கையில் கிதாரும் காதில் ஹூக்கரும் இருந்தார்கள். மகனின் முகச்சாயலை வைத்துத் தகப்பனைத் தேடிப் போனால், தகப்பன் மகனுடைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பது போன்ற நிலை இது. இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய திரும்பு பயணங்கள் நிறைய நடந்திருக்கின்றன. கியூபாவின் இசைத்தட்டுகள் 1930களில் காங்கோவுக்குப் போய் அங்கே ரும்பாவாக வேர்விட்டன. நைஜீரியாவின் ஃபெலா குட்டி 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் அவருடைய இசை முழு உருப்பெற்றது. எனவே இன்றைய ஆப்பிரிக்காவின் ஒலியை நேற்றைய அமெரிக்காவின் தாயாக எடுத்துக்கொள்ளும்முன் எது எப்போது எந்தத் திசையில் போனது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு தடை எண்ணிக்கையில் இருக்கிறது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. அவர்களுள் வட அமெரிக்க நிலப்பரப்பில் நேரடியாக இறக்கப்பட்டவர்கள் 3.88 லட்சம் பேர் மட்டுமே. அந்தச் சிறு பகுதியிலும் செனகாம்பியா, சியரா லியோன், பொற்கரை, பியாஃப்ரா வளைகுடா, காங்கோ, அங்கோலா எனப் பல கரைகளின் மக்கள் கலந்திருந்தார்கள். ஒரே பண்ணையில் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத நிலை இயல்பாக இருந்தது. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொந்த ஊரை எழுதிக்கொடுக்க எனக்குத் துணிவில்லை.

2024 பிப்ரவரி 13

நேற்று எழுதியதில் வாசகருக்கு நான் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டேன். அவர் காது பொய் சொல்லவில்லை. 1960களில் கானாவுக்குச் சென்ற ஆங்கிலேய ஆய்வாளர் பால் ஆலிவர், கடற்கரைப் பகுதியின் பெரும் முரசுக் குழுக்களில் ப்ளூஸின் சாயல் அவ்வளவாக இல்லை என்பதைக் கண்டு, சஹாராவுக்குத் தெற்கிலுள்ள புல்வெளி நாடுகளின் தந்தி வாத்தியங்கள் பக்கம் பார்வையைத் திருப்பினார். 1970இல் நூலாகவும் எழுதினார். ஆஸ்திரிய ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் 1999இல் வெளியிட்ட நூலில் அதை இன்னும் நுட்பமாக்கினார். தனியாக அமர்ந்து ஒரு தந்தி வாத்தியத்தோடு பாடும் முறை, ஓர் அசையைப் பல சுரங்களில் இழைத்து இறக்கும் குரல், பல தாளங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமை ஆகியவை அந்தப் புல்வெளிப் பட்டையில் சேர்ந்தே காணப்படுகின்றன. அந்தப் பட்டை மாலியோடு முடிவதில்லை, கிழக்கே நைஜீரியாவையும் கேமரூனின் வடபகுதியையும் தொடுகிறது.

ஆக, சாயல் இருக்கிறது. சாயலை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் எழுதுவதில்தான் எனக்குத் தயக்கம்.

2024 பிப்ரவரி 17

சாயலைவிட உறுதியான சான்று எது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் விடை: கை. காது ஏமாறலாம், ஒரு கை ஒரு கருவியை எப்படித் தொடுகிறது என்பது எளிதில் தற்செயலாக அமைந்துவிடாது.

டர்ஹமில் இருந்தபோது பழைய பொருள் கடை ஒன்றில் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஒன்றை வாங்கினேன். மலைநாட்டு வெள்ளையர்களின் வாத்தியம் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினேன். அதன் ஐந்து தந்திகளில் ஒன்று மட்டும் கட்டையாக, கழுத்தின் நடுவிலிருந்து தொடங்குகிறது. வீணையின் தாளத் தந்திகளைப் போல அது ஒரே சுரத்தில் நின்று ஒலிக்கிறது. பழைய பாணியில் அதை வாசிக்க ஆள்காட்டி விரலின் அல்லது நடுவிரலின் நகத்தால் தந்தியை மேலிருந்து கீழாகத் தட்ட வேண்டும். தட்டிய கையைத் தூக்குவதற்குள் கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியில் மாட்டி விடுபட வேண்டும். சொல்வது எளிது. கிதார் பழகியவர்களின் விரல் கீழிருந்து மேலாகக் கொக்கி போட்டே பழகியிருப்பதால், இந்தத் தட்டுதலுக்கு அது பல வாரங்கள் இணங்குவதில்லை. என் நகம் இரண்டு முறை உடைந்தது. குட்டைத் தந்தி ஒலிக்க வேண்டிய இடத்தில் நெடுநாள் மௌனமே ஒலித்தது.

பிறகொரு நாள், செனகல் காம்பியா பகுதியில் வாழும் ஜோலா மக்களின் அகோன்டிங் என்ற வாத்தியத்தை ஒருவர் வாசிக்கும் காணொளியைப் பார்த்தேன். சுரைக்குடுக்கையின் வாயில் ஆட்டுத்தோலைப் போர்த்தி, நீண்ட கழியைக் கழுத்தாகச் செருகி, மூன்று தந்திகள் கட்டியிருந்தார்கள். மூன்றில் ஒன்று குட்டை. வாசித்தவரின் நகம் மேலிருந்து கீழாகத் தட்டியது, உடனே கட்டைவிரல் குட்டைத் தந்தியை இழுத்துவிட்டது. நான் பல வாரங்களாகப் பழக முயன்று தோற்ற அதே அசைவு. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜாட்டா என்ற ஜோலா ஆய்வாளர்தான் இந்த வாத்தியத்தை 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பேஞ்சோ ஆர்வலர்களின் கண்ணுக்குக் கொண்டுவந்தார். அதுவரை பெரும்பாலோர் அரசவைப் பாணர்களின் ங்கோனி, ஹலம் போன்ற வாத்தியங்களையே பேஞ்சோவின் முன்னோராகச் சுட்டிக்கொண்டிருந்தனர். அவை மரத்தைக் குடைந்து செய்பவை, பாணர் குலத்தாருக்கே உரியவை. அகோன்டிங் அப்படியல்ல. நெல் வயலில் வேலை முடித்து வந்த எவரும் எடுத்து வாசிக்கும் வாத்தியம் அது. அகோன்டிங்தான் ஒரே மூதாதை என்று நான் வாதிடவில்லை. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பல உண்டு, அவற்றிலிருந்து கரீபியத் தீவுகளில் புதிதாக உருவானதே பேஞ்சோ என்பதுதான் பொருத்தமாக இருக்கிறது. 1680களின் இறுதியில் ஜமைக்காவில் தங்கியிருந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், அங்கே அடிமைப்பட்டிருந்தவர்கள் வாசித்த சுரைக்குடுக்கை வாத்தியங்களின் படத்தையும், அவர்கள் பாடிய சில பாடல்களின் சுரக்குறிப்பையும் 1707இல் அச்சிட்டிருக்கிறார். வட அமெரிக்காவின் எந்தப் பேஞ்சோச் சான்றைவிடவும் இது பழையது.

2024 பிப்ரவரி 18

ஒரு சிறு கிளைக்கதை. பேஞ்சோ வாங்கினேன் என்று அந்நாளில் மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அடேடே, மெல்லிசைக் குழுவில் விசையைத் தட்டி வாசிப்பார்களே, அதுவா?" என்று மகிழ்ந்தார். அவர் சொன்னது புல்புல் தரங். நம் ஊர்களில் அதையும் பேஞ்சோ என்று அழைத்தார்கள். அது ஜப்பானிய வாத்தியம் ஒன்றிலிருந்து வந்தது. இந்தக் கதைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெயரை வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கு மாமாவே சாட்சி.

பேஞ்சோவின் குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தவர் வர்ஜீனியாவின் வெள்ளையினக் கலைஞர் ஜோயல் ஸ்வீனி என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அவர் பிறந்தது 1810இல். தென் கரோலினாவின் ஒரு பண்ணைக் காட்சியை வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. பண்ணை உரிமையாளர் ஜான் ரோஸ் 1785க்கும் 1790க்கும் இடையில் வரைந்ததாகக் கருதப்படும் அந்தப் படத்தில், பெஞ்சில் அமர்ந்திருக்கும் கறுப்பின மனிதரின் கையிலுள்ள சுரைக்குடுக்கைப் பேஞ்சோவில் மூன்று நீண்ட தந்திகளும் ஒரு குட்டைத் தந்தியும் தெளிவாகத் தெரிகின்றன. ஸ்வீனி எதையாவது சேர்த்திருந்தால் அது நீண்ட தந்திகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் படத்தை நான் நேரிலேயே பார்த்தேன். கண்ணாடிக்கு அருகில் மூக்கை வைத்துத் தந்திகளை எண்ணிக்கொண்டிருந்த என்னைக் காவலர் இரண்டு முறை பின்னால் நகரச் சொன்னார்.

2024 பிப்ரவரி 25

வேரைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மரம் ஏன் இந்த வடிவில் வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைப்பட்டிருந்த சுமார் இருபது பேர் கிளர்ந்தெழுந்து, ஆயுதக் கடையைக் கைப்பற்றி, தெற்கே ஸ்பானியர் வசமிருந்த ஃப்ளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அவர்களில் பலர் காங்கோ அங்கோலாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். வழியெங்கும் முரசறைந்து மற்றவர்களை அழைத்துக்கொண்டே போனார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நிறைவேறிய சட்டம், அடிமைப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பப் பயன்படும் முரசு, கொம்பு போன்ற உரத்த ஒலிக்கருவிகளை வைத்திருப்பதற்குத் தடை விதித்தது.

முரசு போன இடத்தில் உடல் வந்தது. தொடை, மார்பு, கன்னம், குதிகால் என்று உடம்பு முழுவதையும் தட்டித் தாளம் எழுப்பும் ஜூபா முறை பரவியது. கரோலினா, ஜார்ஜியா கரையோரத் தீவுகளில் வட்டமாக நகர்ந்து வழிபடும் 'ரிங் ஷவுட்' நிகழ்ந்தபோது ஒருவர் துடைப்பக் கழியால் மரத்தரையை இடித்துக்கொண்டிருப்பார். பாதங்கள் தரையோடு தேயும், ஆனால் ஒன்றையொன்று குறுக்கே கடக்கக் கூடாது. கடந்தால் அது நடனம், நடனம் தேவாலயத்துக்கு ஆகாது. ஆப்பிரிக்காவில் பல முரசுகள் பகிர்ந்துகொண்ட வேலையை இங்கே கழியும் கையும் காலும் பகிர்ந்துகொண்டன. ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும் முறையும் இந்த வட்டத்தில்தான் உரம்பெற்றது. பின்னாளில் காஸ்பல், ஜாஸ், சோல் எல்லாவற்றிலும் ஒலிக்கும் அந்தத் தள்ளி விழும் கைத்தட்டு ஒரு தடைச்சட்டத்தின் எதிர்விளைவு என்று கூறலாம்.

2024 பிப்ரவரி 27

கடைசி வாக்கியத்தை அழித்துவிட வேண்டும் என்று இரண்டு நாட்களாக உறுத்துகிறது. அழிக்காமல் அதன் கீழேயே மறுப்பை எழுதுகிறேன்.

முதலாவது, வில்லியம்ஸ்பர்க் ஓவியத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். பேஞ்சோ வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து இரண்டு குச்சிகளால் சிறு முரசு ஒன்றை அடித்துக்கொண்டிருக்கிறார்! முரசுத் தடைச்சட்டம் பிறந்த அதே தென் கரோலினா. சட்டம் வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த காலம். வரைந்தவர் பண்ணை உரிமையாளர். தந்திகளை எண்ணும் மும்முரத்தில் பக்கத்திலிருந்த முரசை நான் பார்க்கவே இல்லை. ஏட்டில் இருந்த சட்டம் எல்லாப் பண்ணைகளிலும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி நடைமுறையில் இருக்கவில்லை என்று தெரிகிறது.

இரண்டாவது, நியூ ஆர்லியன்ஸ். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகளின் கீழ் வளர்ந்த அந்த ஊரில் ஞாயிறு என்பது ஓய்வு நாள், சந்தை நாள். 1817இல் நகராட்சி அடிமைப்பட்டவர்களின் ஞாயிற்றுக் கூடுகைகளை ஒரே இடத்துக்குள் அடைத்தது. அதுவே காங்கோ சதுக்கம் என்று பெயர்பெற்றது. கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் 1819 பிப்ரவரியில் அங்கே ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாகக் கூடியிருந்ததைக் கண்டார். முரசுகளையும், கழுத்தின் உச்சியில் மனித உருவம் செதுக்கிய சுரைக்குடுக்கைத் தந்தி வாத்தியம் ஒன்றையும் வரைந்தே வைத்தார். அந்த இசை அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. பிடிக்காதவர் இவ்வளவு கவனமாக வரைந்துவைத்தது நம் அதிர்ஷ்டம்.

மூன்றாவது, வடக்கு மிசிசிப்பியில் மூங்கில் குழலும் முரசுகளுமாக ஒரு மரபு நம் காலம்வரை வந்திருக்கிறது. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1942இல் அங்கே சிட் ஹெம்ப்ஹில் என்ற கலைஞரைப் பதிவு செய்தார். தன் கையாலேயே குழல் செய்து வாசித்த ஓதா டர்னர் 2003இல்தான் மறைந்தார். படையணிகளின் குழலும் முரசுமே அதன் வெளி உருவம். உள்ளே ஓடும் தாளம் எந்தப் படையும் அணிவகுக்க முடியாத தாளம்.

எனவே, தடை ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல.

2024 மார்ச் 3

'ப்ளூ' சுரங்கள் என்றால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில், எதிலும் உட்காராமல் நழுவிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தாரம், அதே போல நிஷாதம், சில சமயம் பஞ்சமமும் கீழே சரியும். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. அதனால்தான் பியானோக் கலைஞர்கள் இரண்டு கட்டைகளையும் சேர்த்தே நசுக்குகிறார்கள். ஐந்து சுர அமைப்புகளில் பாடிப் பழகிய குரல்கள் ஐரோப்பிய ஒத்திசையின் மேல் அமர நேர்ந்தபோது இந்த உரசல் உண்டானது என்பது விளக்கங்களில் ஒன்று. இதற்கும் நம் கமகத்துக்கும் உறவு உண்டா என்று கேட்காதீர்கள். மாமாவின் பேஞ்சோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத்தில் பிடிக்க முடியாமல் முதலில் திண்டாடியவர்கள் வில்லியம் ஆலன், சார்லஸ் வேர், லூசி மக்கிம் காரிசன் ஆகிய மூவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கரோலினாத் தீவுகளில் கேட்ட பாடல்களை அவர்கள் 1867இல் நூலாகத் தொகுத்தார்கள். தொண்டையில் எழும் விசித்திரமான வளைவுகளையும், வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு கணங்களில் நுழைவதையும் ஐந்து கோடுகளுக்குள் எழுத முடியவில்லை என்று லூசி வருந்தியிருக்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1871இல், நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர் குழு தம் நிறுவனத்தைக் கடனிலிருந்து மீட்கப் பயணம் புறப்பட்டபோது, அந்த வளைவுகளை நிமிர்த்தி, நான்கு குரல் ஒத்திசையில் மெருகேற்றி அரங்கத்துக்கு ஏற்ற வடிவில் பாடினார்கள். 1873இல் விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள்; ஈட்டிய பணத்தில் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடமே எழுந்தது. முன்பு நான் அவர்களை வேரை மறைத்தவர்கள் என்று ஏளனமாகப் பேசியதுண்டு. பெற்றோர் அடிமைகளாக இருந்த பிள்ளைகள், தாங்களே அடிமைகளாகப் பிறந்தவர்கள், கேலிக்கூத்து ஒன்றையே எதிர்பார்த்து வந்த வெள்ளையர் கூட்டத்தின் முன் நிமிர்ந்து நின்று பாடினார்கள் என்பது உறைத்த பிறகு அப்படிப் பேசுவதில்லை.

2024 மார்ச் 10

"எல்லாம் ஆப்பிரிக்கா" என்ற பக்கம் சாய்கிறேனோ என்ற ஐயம் எனக்கே வந்துவிட்டதால் இதைச் சொல்கிறேன். தென் மாநிலக் கறுப்பினத் தேவாலயங்களில் 'டாக்டர் வாட்ஸ்' என்றே அழைக்கப்படும் பாடல்முறை உண்டு. மூத்தவர் ஒருவர் ஓரடியை விரைந்து ஓதுவார். சபை முழுவதும் அதை வாங்கி, ஒவ்வோர் அசையையும் அலை போல இழுத்துப் பாடும். கிராமத் தேவாலயம் ஒன்றில் முதன்முதலாகக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது, ஆப்பிரிக்காவே எழுந்து வந்தது என்று நாட்குறிப்பில் எழுதினேன். வாட்ஸ் என்பவர் 1707இல் தம் பாடல் தொகுப்பை வெளியிட்ட ஆங்கிலேயப் போதகர் ஐசக் வாட்ஸ். ஓதிக்கொடுத்து வாங்கிப் பாடும் முறையும் எழுத்தறிவு குறைந்த பிரிட்டிஷ் சபைகளுக்காக ஏற்பட்டதுதான்.

ஆனால் அந்த முறை வெள்ளையர் சபைகள் பெரும்பாலானவற்றில் மங்கிவிட்டது. இவர்களிடம் தங்கிச் செழித்தது. ஏற்கெனவே எடுத்துக் கொடுத்து வாங்கிப் பாடிப் பழகியவர்களின் வீட்டுக்கு அது விருந்தாளியாக வந்ததால் பாய் விரித்துக்கொண்டது. இரண்டு பக்கத்திலும் ஒத்துப்போன வழக்கங்களே நிலைத்தன என்று நினைக்கிறேன்.

2024 மார்ச் 24

இதுவரை கை, தாளம், குரல் இழைவு என்றே பேசியிருக்கிறேன். முழுப் பாடல் ஒன்று, சொல்லோடும் இசையோடும், கடல் கடந்து வந்ததற்குச் சான்று இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1930களின் தொடக்கத்தில் மொழியியலாளர் லொரன்சோ டவ் டர்னர், ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்ற கரையோரச் சிற்றூரில் அமேலியா டாலி என்ற பெண்மணி பாடியதைப் பதிவு செய்தார். ஐந்து வரிப் பாடல். பாடியவருக்கே பொருள் தெரியாது. அது மெண்டே மொழி என்பதைச் சியரா லியோனிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் அடையாளம் கண்டார். பாடல் பதிவாகி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓடின. 1990இல் மானிடவியலாளர் ஜோசஃப் ஒபாலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், மொழியியலாளர் தாசியெஃப் கொரோமா ஆகியோர் அந்த ஒலிப்பதிவோடு சியரா லியோனில் ஊர் ஊராகத் தேடினார்கள். பாடலில் வரும் ஒரு சொல் தெற்கு வட்டார வழக்கைச் சேர்ந்தது என்பதால் அந்தப் பக்கம் போனார்கள். செனஹுன் ங்கோலா என்ற ஊரில் பைந்து ஜபாட்டி என்ற பெண் கூடவே பாடத் தொடங்கினார். பாட்டியிடமிருந்து கற்றது. அங்கே அது இறந்தவர்களை வழியனுப்பும் பாடல், பெண்கள் பாடுவது.

அமேலியாவின் மகள் மேரி மோரனும் அந்தப் பாடலை மறக்கவில்லை. 1997இல், உள்நாட்டுப் போரால் சிதைந்திருந்த அந்த ஊருக்கே சென்று இரு பெண்களும் சந்தித்தார்கள்.

2024 மார்ச் 25

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். மேரிக்கு அவர் தாய் அதைக் கற்றுக்கொடுத்தபோது அது சாவுப் பாடல் அல்ல, குழந்தைகளின் விளையாட்டுப் பாடல்.

2024 ஏப்ரல் 7

பேஞ்சோ எப்படி வெள்ளையர்களின் வாத்தியம் ஆனது என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: வெட்கத்தால். 1843இல் நியூயார்க்கில் முகத்தில் கரி பூசிய நான்கு வெள்ளையர்கள் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற பெயரில் மேடையேறினார்கள். பேஞ்சோ கேலிக்கூத்தின் சின்னமாயிற்று. அரை நூற்றாண்டு அப்படிச் சிரிக்கப்பட்ட பிறகு அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க எந்தக் கறுப்பின இளைஞர் விரும்புவார்? தபால் வழி விற்பனையில் மலிவான கிதார்களும் வந்து சேர்ந்தன. ஆயினும் சில வீடுகளில் அது தொடர்ந்தது. வட கரோலினாவின் மீபேன் ஊரில் ஜோ தாம்சன் தம் குடும்பத்தின் பிடிலும் பேஞ்சோவும் சேர்ந்த மரபை வைத்திருந்தார். 2005இல் அதே மாநிலத்தின் பூன் நகரில் கறுப்பினப் பேஞ்சோக் கலைஞர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்த ரியானன் கிட்டன்ஸ் உள்ளிட்ட மூன்று இளைஞர்கள் தாம்சனிடம் வாரந்தோறும் போய்க் கற்றார்கள். அவர்களுடைய குழு பின்னர் கிராமி விருதும் பெற்றது.

மீபேன் அன்றைய என் டர்ஹம் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். 2012இல் தாம்சன் மறைந்த செய்தியைப் படித்தபோதுதான், ஊருக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, அவர் பெயரையே நான் முதன்முதலாக அறிந்தேன். மாலியைக் குறுந்தகட்டில் தேடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் திசையில் வண்டியைத் திருப்பவில்லை.

2024 ஏப்ரல் 21

ராப் இசை மேற்கு ஆப்பிரிக்கப் பாணர்களின் நேர் வாரிசு என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: நடுவில் இருக்கும் வீடுகளையெல்லாம் தாண்டி நேராகக் கொள்ளுத் தாத்தாவின் மடியில் ஏறி உட்கார வேண்டாம். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தங்கை நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். பெரும் ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்தும் வழக்கத்தை அங்கிருந்து கொண்டுவந்தவர். அவர் இரண்டு தட்டுகளை வைத்து நீட்டியது பாட்டை அல்ல, பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை. பாடகர் ஜேம்ஸ் பிரௌன் 1967 முதலே கிதாரையும் ஊதுகருவிகளையும்கூட முரசுகளைப் போல நடத்தத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு தாளத்துண்டு, எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். காங்கோ சதுக்கத்தின் பெயரை அவர் உச்சரிக்கத் தேவையே இருக்கவில்லை.

2024 மே 5

தொடக்கக் கேள்விக்குத் திரும்புகிறேன். ப்ளூஸின் குரல் புல்வெளி நாடுகளை நோக்கிக் கைகாட்டுகிறது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ப்ளூஸ் கிதாரின் மிக அடையாளமான ஒலி, தந்தியின் மேல் கத்தியையோ புட்டியின் கழுத்தையோ வழுக்கி எழுப்பும் அந்த அழுகை, வேறு திசையைக் காட்டுகிறது. 1903ஆம் ஆண்டையொட்டி மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியால் அப்படி வாசித்ததைக் கேட்ட இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி, ஹவாய்த் தீவுக் கலைஞர்களின் முறையோடு அதை ஒப்பிட்டு எழுதினார். ஹவாயின் பங்கும் இருக்கலாம். ஆனால் மிசிசிப்பியின் பல கலைஞர்கள் சிறுவயதில் முதலில் வாசித்தது கிதார் அல்ல. துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி, அடியில் கல்லோ புட்டியோ செருகி, ஒரு கையால் தட்டி மறுகையால் வழுக்கி வாசிக்கும் ஒற்றைக் கம்பி வாத்தியம். இதற்கு நெருங்கிய உறவினரை ஆய்வாளர்கள் டேவிட் எவன்ஸும் கூபிக்கும் மத்திய ஆப்பிரிக்காவில் காட்டுகிறார்கள். அங்கும் ஒற்றைத் தந்தியை ஒருவர் குச்சியால் தட்ட மற்றவர் வழுக்குகிறார். அங்கும் அது சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்.

ஆக, குரல் ஒரு கரையிலிருந்து, வழுக்கும் கை இன்னொரு கரையிலிருந்து, கவிதையின் ஆங்கிலமும், பன்னிரண்டு தாள அளவுகளில் சுழலும் 'பன்னிரண்டு பார்' அமைப்பின் ஒத்திசையும் அமெரிக்காவிலிருந்து. மாலியில் ப்ளூஸ் பிறக்கவில்லை. அதன் உறவினர்கள் சிலர் அங்கே வாழ்கிறார்கள்.

எழுதி முடித்தபின் கவனித்தேன்: மெண்டே பாடல் பிழைத்தது விளையாட்டுப் பாடலாக. ஒற்றைக் கம்பி பிழைத்தது விளையாட்டுச் சாமானாக. ஜூபாத் தட்டு இன்றும் இருப்பது பள்ளிப் பிள்ளைகளின் 'ஹாம்போன்' விளையாட்டில். பண்ணைக் கண்காணியும் சட்டமன்றமும் போதகரும் பெரியவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் விளையாடுவதை யாரும் பொருட்படுத்தவில்லை போலும். இதை நான் ஆதாரத்தோடு நிறுவ முடியாது, ஆனாலும் மனத்தைவிட்டு அகலவில்லை.

2024 மே 19

மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். 2006இல் காரின் பின்னிருக்கையில் அந்தத் தோழியோடு என்ன விளையாடினாய் என்று கேட்டேன். தோழி ஜார்ஜியாவிலிருந்து குடிவந்த கறுப்பினக் குடும்பத்துப் பெண். அந்தக் கைதட்டு விளையாட்டு அவளுடைய பாட்டியிடமிருந்து வந்ததாம். மகளுக்குப் பாட்டு பாதிதான் நினைவில் இருந்தது, கைக்கு முழுவதும் நினைவில் இருந்தது. எதிரே உட்காரச் சொல்லிக் கற்றுக்கொடுத்தாள். தொடை, கை, எதிர்க்கை, புறங்கை. இரண்டாம் வரியிலேயே நான் விழுந்தேன். மறுபடி தொடங்கினோம், மறுபடி விழுந்தேன்.

"அப்பா, நீங்கள் கச்சேரியில் தாளம் போடுவது போல முதலடியிலேயே தட்டிவிடுகிறீர்கள்" என்றாள். "அதை விட்டுவிட்டு அடுத்ததில் தட்டுங்கள்."